குளியலறைக்கு ஒரு மரப்பெட்டி – பிளேடும் ரேசரும் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் இருக்க



முகப்பேரில் நடந்த நம் கூட்டமைப்புக் கூட்டத்துக்குத் திருவேற்காடு, பூந்தமல்லி பக்கத்துக் கிராமங்களில் இருந்தும் உறுப்பினர்கள் வந்திருந்தார்கள். சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் பார்த்து முடித்து டீ குடிக்கும் நேரம். ஒரு சகோதரி தன் நாலு வயதுப் பேத்தியை மடியில் வைத்திருந்தார். குழந்தையின் விரலில் கட்டு.

"என்னாச்சு அக்கா?" என்று கேட்டோம்.

"சோப்பு டப்பாவுல இவங்க தாத்தா பிளேடு வெச்சிருந்தாரு. சோப்பு எடுக்கறேன்னு கைய வுட்டுடுச்சு. நாலு தையல்" என்றார்.

பேச்சு அதோடு நிற்கவில்லை. "எங்க வீட்ல ஜன்னல் ஓரத்துல இருக்கும்" என்றார் ஒருவர். "எங்க வீட்ல கீத்துல செருகி வெச்சிருப்பாரு" என்றார் இன்னொருவர். தண்ணித் தொட்டி விளிம்பு, டி.வி. பெட்டி மேலே, கண்ணாடிக்குப் பின்னால் என்று ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். ஒரு வீட்டில்கூட பிளேடுக்கென்று தனி இடம் இல்லை!

அப்போது வீட்டுக்காரரோடு சேர்ந்து தச்சு வேலை பார்க்கும் ஓர் உறுப்பினர் சொன்னார்: "மரப்பொட்டி ஒண்ணு செஞ்சு ஒசரமா மாட்டிட்டா முடிஞ்சுது. ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. நீங்களே செய்யலாம்."

அவர் சொல்லிக் கொடுத்த முறையைத்தான் உங்களுக்கு எழுதுகிறோம்.

முதலில் இடத்தைப் பாருங்கள்

மரத்துக்கு எதிரி தண்ணீர். அதனால் பலகை வாங்குவதற்கு முன்னால் பெட்டியை எங்கே மாட்டுவது என்று முடிவு செய்யுங்கள்.

குழாய், ஷவர் இருக்கிற சுவர் வேண்டாம். கதவு பக்கத்துச் சுவர் நல்லது. குளிக்கும் இடத்தில் இருந்து குறைந்தது மூன்றடி தள்ளி இருக்கட்டும். முகப்பேரில் வீட்டுவசதி வாரிய வீடுகளைப் போலச் சின்னக் குளியலறையாக இருந்து, எங்கே நின்றாலும் தண்ணீர் தெறிக்கும் என்றால், பெட்டியைக் குளியலறைக் கதவுக்கு வெளியே மாட்டுங்கள். கிராமத்தில் தட்டி மறைத்த குளியலறையாக இருந்தால் பின்கட்டுச் சுவர் அல்லது தாழ்வாரத்தில் மாட்டலாம். ரேசர் குளியலறைக்குள்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லையே!

உயரம் முக்கியம். பெட்டியின் அடிப்பாகம் தரையில் இருந்து 5 அடிக்குக் குறையக் கூடாது. பிள்ளைகள் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறுவார்கள். அதனால் உயரம் மட்டும் போதாது. கதவின் மேல் பக்கத்தில் ஒரு கொக்கியும் வேண்டும்.

எந்தப் பலகை வாங்குவது?

தேக்கு நல்ல மரம். அதில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால் ஈரம் தாங்கும். ஆனால் விலை அதிகம். பழைய ஜன்னல், கதவு பிரித்த தேக்குப் பலகை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். பூவரசும் பரவாயில்லை. மா மரம், ரப்பர் மரம் சீக்கிரம் உளுத்துப் போகும். பதப்படுத்தாமல் குளியலறைக்கு வேண்டாம்.

நமக்குச் சுலபம் பிளைவுட். கடையில் "பிளைவுட் குடுங்க" என்று மட்டும் கேட்டால் 'கமர்ஷியல்' என்கிற சாதா ரகத்தைத் தந்துவிடுவார்கள். அது அறைக்குள் வைக்கும் சாமானுக்கு. ஈரம் பட்டால் அடுக்கு அடுக்காகப் பிரியும். 'மரைன் பிளை' என்று கேளுங்கள். பலகையின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஐ.எஸ். 710 என்ற எண்ணும் அச்சாகி இருக்க வேண்டும். இந்த ரகத்தின் பசையை 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டுச் சோதிக்கிறார்கள். முத்திரையைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

மரத்தூளை அழுத்திச் செய்கிற பலகையை (பார்ட்டிகிள் போர்டு) வாங்கவே வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த வகைப் பலகையில் செய்த அலமாரிகள் ஊறி, ஊதி, தவிடு மாதிரி உதிர்ந்ததைப் பலரும் பார்த்தோம்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை பக்கம் இருப்பவர்கள், கம்பெனிகளுக்கு மிஷின் வந்து இறங்கும் பேக்கிங் மரத்தைப் பழைய சாமான் கடைகளில் பார்த்திருப்பீர்கள். மலிவாகக் கிடைக்கும். வெளிநாட்டில் இருந்து வந்த மரத்தில் கோதுமைக் கதிர் போல ஒரு படமும் சில எழுத்துகளும் சுட்டு முத்திரை போட்டிருக்கும். அதில் எச்.டி. என்று இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. என்று இருந்தால் விஷப்புகை போட்டது, வீட்டுக்கு வேண்டாம். எண்ணெய், ரசாயனக் கறை உள்ளதையும் தொடாதீர்கள்.

தேவையான சாமான்கள்

12 மி.மீ. பிளைவுட்டில் (அளவு நீளம் × அகலம்):
• பக்கப் பலகை – 45 × 12 செ.மீ. – 2
• மேல், கீழ்ப் பலகை – 33.6 × 12 செ.மீ. – 2
• உள் தட்டு – 33.6 × 12 செ.மீ. – 2
• கதவு – 44.6 × 36 செ.மீ. – 1

6 மி.மீ. பிளைவுட்டில்:
• முதுகுப் பலகை – 45 × 36 செ.மீ. – 1

மற்றவை: நீர் தாங்கும் மரப்பசை, துருப்பிடிக்காத எஸ்.எஸ். ஸ்குரூ (ஒன்றேகால் அங்குலமும், அரை அங்குலமும்), 40 செ.மீ. நீளக் கீல் (கடையில் 'பியானோ கீல்' என்று கேளுங்கள்), ஒரு கொக்கி, ஒரு சின்னக் கைப்பிடி, உப்புத்தாள், பிரைமர், எனாமல் பெயிண்ட், பிரஷ், கொசுவலைத் துண்டு.

கருவிகள்: டேப், மூலைமட்டம், ஸ்குரூ டிரைவர், கை டிரில், பென்சில்.

ரம்பம் எங்கே என்கிறீர்களா? பலகையை நாம் வெட்ட வேண்டாம். பெரும்பாலான பிளைவுட் கடைகளில் மிஷினில் வெட்டித் தருவார்கள். அளவுகளை ஒரு சீட்டில் எழுதிக் கொண்டு போங்கள். வெட்டிய உடனே கடையிலேயே டேப் வைத்து அளந்து பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு "அரை சென்டிமீட்டர் குறையுது" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

8 அடிக்கு 4 அடி முழு ஷீட் வாங்கினால் 5 பெட்டிகளுக்கு 12 மி.மீ. பலகை தேறும். ஐந்து பேர் சேர்ந்து வாங்கினால் ஆளுக்குச் செலவு குறையும். இதுதானே நம் குழுவின் பலம்!

செய்முறை

வேலை தொடங்கும் முன் முந்தானையை இடுப்பில் நன்றாகச் செருகுங்கள். தலைமுடியைக் கொண்டை போடுங்கள். கண்ணாடி வளையலைக் கழற்றி வையுங்கள். டிரில்லில் துணி சுற்றிக் கொண்டால் ஆபத்து. உப்புத்தாள் போடும்போது மூக்கில் துணி கட்டுங்கள். மரத்தூள் நெஞ்சுக்கு நல்லதல்ல.

1. எல்லாப் பலகைகளின் விளிம்பையும் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள்.

2. கீழ்ப் பலகையிலும் இரண்டு உள் தட்டுகளிலும் விரல் பருமனில் மூன்று மூன்று ஓட்டை போடுங்கள். பக்கப் பலகை இரண்டிலும் மேல் ஓரத்தில் இருந்து 4 செ.மீ. கீழே ஒவ்வோர் ஓட்டை. ஓட்டை எதற்கு? ஈரமான பிரஷ்ஷில் இருந்து சொட்டும் தண்ணீர் கீழே இறங்கிவிடும். காற்று கீழே நுழைந்து மேலே வெளியேறும். மூடி வைத்த ஈரம்தான் மரத்தையும் அழிக்கும், பிளேடையும் துருப்பிடிக்க வைக்கும்.

3. மேல், கீழ்ப் பலகைகளை இரண்டு பக்கப் பலகைகளுக்கு நடுவே வைத்துப் பசை தடவுங்கள். ஸ்குரூ போடும் இடத்தில் முதலில் மெல்லிய டிரில்லால் துளை போட வேண்டும். துளை போடாமல் ஸ்குரூவை முறுக்கினால் பிளைவுட் அடுக்கு பிளந்துவிடும். ஒரு முனைக்கு இரண்டு ஸ்குரூ போதும்.

4. பசை காய்வதற்கு முன் மூலை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு ஆசாரிகள் ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறார்கள். மேல் இடது மூலையில் இருந்து கீழ் வலது மூலைக்கு டேப்பை வைத்து அளக்கவும். அதே போல மறுபக்க மூலைகளையும் அளக்கவும். இரண்டும் ஒரே அளவாக, 57.6 செ.மீ. அளவில் இருந்தால் பெட்டி நேராக இருக்கிறது. ஒன்று கூடுதலாக இருந்தால் அந்த மூலையை லேசாக அழுத்திச் சரி செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் பிறகு கதவு மூடாது.

5. முதுகுப் பலகையைப் பசை தடவிப் பொருத்தி, சுற்றிலும் 10 செ.மீ.க்கு ஒரு ஸ்குரூ போடுங்கள். பெட்டியின் பாரம் முழுவதும் இதில்தான் தொங்கும்.

6. உள் தட்டுகளைப் பொருத்துங்கள். அடி அறை 18 செ.மீ. உயரம்: கிரீம், எண்ணெய், பிரஷ் வைக்க. நடு அறை 12 செ.மீ.: ரேசர், படிகாரம், கத்தரி வைக்க. மேல் அறை சுமார் 10 செ.மீ.: புது பிளேடு பாக்கெட் மட்டும்.

7. இப்போது பெயிண்ட். இதில் சோம்பல் கூடாது. பிளைவுட்டின் முகம் அவ்வளவாகத் தண்ணீர் குடிக்காது. விளிம்புதான் குடிக்கும். அதனால் விளிம்பு, ஓட்டையின் உள்பக்கம், முதுகு எல்லா இடத்திலும் பிரைமர் இரண்டு கோட்டிங், எனாமல் இரண்டு கோட்டிங் அடிக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டிங்குக்கும் நடுவே ஒரு நாள் காயட்டும். மழைக்காலமாக இருந்தால் இரண்டு நாள். வீட்டில் கிடக்கும் பழைய பெயிண்ட் டப்பாவை எடுக்காதீர்கள். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய டப்பாவில் எவ்வளவு ஈயம் இருக்குமோ! ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும்.

8. கடைசியாக நீளக் கீலை வைத்துக் கதவைப் பூட்டுங்கள். சின்னக் கீல் இரண்டு போட்டால் மெல்லிய பலகை விளிம்பில் ஸ்குரூ பிய்த்துக் கொள்ளும். நீளக் கீலில் பாரம் பரவும். கைப்பிடி, கொக்கி மாட்டுங்கள். ஓட்டைகளுக்கு உள்பக்கம் கொசுவலைத் துண்டு ஒட்டினால் கரப்பான் பூச்சி நுழையாது.

சுவரில் மாட்டுவது

பெட்டி காலியாக ஏறக்குறைய 4 கிலோ இருக்கும். ஆணி அடித்துத் தொங்கவிட்டால் நிற்காது.

மிஞ்சிய 12 மி.மீ. பிளைவுட்டில் 30 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டிகள் வெட்டி, பெயிண்ட் அடித்து, முதுகில் மேலே ஒன்று, கீழே ஒன்று குறுக்காக வைத்து ஒட்டுங்கள். இதனால் பெட்டி சுவரோடு ஒட்டாமல் சிறிது இடைவெளி இருக்கும். சுவரின் ஓதம் மரத்தில் ஏறாது. பிறகு பெட்டிக்குள் இருந்து முதுகுப் பலகை, பட்டி இரண்டையும் துளைத்து, சுவரில் பதித்த பிளாஸ்டிக் பிளக்கில் இரண்டரை அங்குல ஸ்குரூ நான்கு முடுக்க வேண்டும். ரசமட்டம் வைத்து நேராகப் பாருங்கள்.

குழாய்க்கும், சுவிட்சுக்கும் நேர் மேலேயோ நேர் கீழேயோ சுவரில் துளை போடக் கூடாது. உள்ளே பைப்போ ஒயரோ ஓடலாம். டைல்ஸ் சுவராக இருந்தால் துளை போடும் இடத்தில் ஒட்டும் டேப் ஒட்டிக் கொள்ளுங்கள், டிரில் வழுக்காது. இந்த ஒரு வேலைக்கு மட்டும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாலும் தவறில்லை. மண் சுவரில் பிளக் பிடிக்காது. அங்கே தாழ்வாரத் தூணிலோ மரச் சட்டத்திலோ மாட்டுங்கள்.

பழைய பிளேடுக்கு ஓர் உண்டியல்

பெட்டி செய்தாயிற்று. புது பிளேடுக்கு இடம் கிடைத்துவிட்டது. தேய்ந்த பிளேடு எங்கே போகும்?

தூக்கி எறியும் பிளேடு உலகத்துக்கு வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அமெரிக்காவில் ஜில்லெட் என்பவர் 1904-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் சவரக் கத்தியைத் தீட்டித் தீட்டித்தான் பயன்படுத்தினார்கள். பிளேடு வந்த பிறகு அங்கேயும் இதே பிரச்சினைதான். அதனால் அந்த நாட்டில் குளியலறைப் பெட்டியின் பின்பக்கம் ஒரு சின்னக் கீறல் வைத்தார்கள். பழைய பிளேடை அதில் போட்டால் சுவருக்கு உள்ளே விழுந்துவிடும். வீட்டை இடிக்கும்போது சுவருக்குள் இருந்து துருப்பிடித்த பிளேடு குவியலாகக் கொட்டுமாம். பிரச்சினையை மறைத்தார்களே தவிரத் தீர்க்கவில்லை!

நாம் அதைவிட நன்றாகச் செய்யலாம். மூடி இறுக்கமான ஒரு தகர டப்பா எடுங்கள். பிளேடு நுழையும் அளவுக்கு மூடியில் ஒரு கீறல் போடுங்கள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டிப் பெட்டியின் மேல் அறையில் வையுங்கள். உண்டியலில் காசு போடுவது போலப் பழைய பிளேடைப் போட்டுக் கொண்டே வரலாம். நிறைவதற்கு வெகுநாள் ஆகும். நிறைந்ததும் கீறலையும் ஒட்டி மூடி, மேலே 'பிளேடு – ஜாக்கிரதை' என்று பெரிதாக எழுதி, மற்ற குப்பையோடு கலக்காமல் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள்.

இது ஏன் முக்கியம் தெரியுமா? நம் குப்பையைக் கையால் பிரிப்பது யார்? பல ஊர்களில் தூய்மைக் காவலராக இருப்பவர் நம் குழுச் சகோதரியே. நாம் காகிதத்தில் சுருட்டிப் போடும் பிளேடு அவர் கையைத்தான் கிழிக்கிறது.

ஆளுக்கொரு ரேசர்

பெட்டியில் இன்னொரு வசதியும் உண்டு. வீட்டில் இரண்டு ஆண்கள் இருந்தால் இரண்டு ரேசரைத் தனித்தனி டம்ளரில் வைத்து, பெயர் எழுதி ஒட்டலாம். நாம் பயன்படுத்தும் ரேசருக்கும் தனி இடம்.

"ஒரே வீடுதானே, ஒரே ரேசர் போதாதா?" என்று நினைக்காதீர்கள். சவரம் செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். ரத்தத்தில் இருந்து பரவும் மஞ்சள் காமாலைக் கிருமிகள், அதாவது ஹெபடைடிஸ் பி, சி இரண்டும், ஒருவர் ரேசரை மற்றவர் பயன்படுத்துவதாலும் தொற்றலாம். பி வகைக் கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். பிளேடைத் தண்ணீரில் அலசினால் போய்விடாது. பிள்ளைகளுக்கு இதற்குத் தடுப்பூசி அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகவே போடுகிறார்கள்.

யாருக்காவது பிளேடு வெட்டிவிட்டால் மஞ்சள், காபித்தூள் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் நிற்காவிட்டாலோ, வெட்டு ஆழமாக இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ரணஜன்னித் தடுப்பூசி வேண்டுமா என்றும் கேளுங்கள்.

தொழிலாகச் செய்யலாமா?

"மரவேலை ஆம்பளைங்க வேலையாச்சே" என்று சிலர் சொல்வார்கள். கேரளாவில் ஏற்றுமானூரில் உள்ள அர்ச்சனா மகளிர் மையம் பெண்களுக்குக் கொத்தனார் வேலையும் தச்சு வேலையும் கற்றுக் கொடுத்திருக்கிறது. கற்றுக் கொண்டால் வராத வேலை எது?

ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். கடையில் பிளாஸ்டிக் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. விலையில் அதோடு போட்டி போட முடியாது. நம்மால் முடிவது, அவரவர் வீட்டு இடத்துக்கு ஏற்ற அளவில் செய்து, மாட்டியும் கொடுப்பது. முதலில் ஐந்து பெட்டி செய்து நம் வீடுகளிலேயே மாட்டுவோம். ஒரு மழைக்காலம் தாங்குகிறதா என்று பார்ப்போம். பிறகு விற்பதைப் பற்றி யோசிக்கலாம். எடுத்த எடுப்பிலேயே மிஷின் வாங்கக் கடன் வேண்டாம்.

விலை வைக்கும்போது பலகை, ஸ்குரூ, பெயிண்ட், வண்டிச் சத்தம் எல்லாவற்றையும் எழுதுங்கள். அதோடு உங்கள் கூலியையும் எழுதுங்கள். நம் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டு "லாபம் வந்தது" என்று சொல்வதுதான் நாம் எப்போதும் செய்யும் தவறு.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

• உங்கள் வீட்டில் இப்போது பிளேடு எங்கே இருக்கிறது? பிள்ளைகள் கைக்கு எட்டுமா?
• பழைய பிளேடை எப்படி அப்புறப்படுத்துகிறீர்கள்?
• ஐந்து பேர் சேர்ந்து ஒரு ஷீட் வாங்க முடியுமா? உங்கள் குழுவில் யார் வீட்டில் டிரில் இருக்கிறது?

பெட்டி செய்ய நான்கைந்து நாள் ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் எழுந்து போய்ச் சோப்பு டப்பாவைப் பாருங்கள். பிளேடு இருந்தால் எடுத்து உயரமான இடத்தில் வையுங்கள். தகர டப்பா உண்டியலை இன்றைக்கே செய்துவிடலாம். அதற்குப் பைசா செலவில்லை!